என் முகத்துக்கு வேறொருத்தியின் குரல்

நான் பிழைக்க வந்த இந்த வெள்ளைக்கார ஊரில் விளம்பரத்துக்கு அழுகிறார்கள். எங்கள் ராயபுரத்தில் சொன்னால் சிரிப்பார்கள். நவம்பர் பிறந்ததும் கிறிஸ்துமஸ் விளம்பரங்கள் வரத் தொடங்கும். நான் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டில் பக்கத்துக் கல்லாவில் இருக்கும் மார்கரெட், தேநீர் இடைவேளையில் போனைப் பார்த்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஒரு தபால்காரர் பனியில் நடந்து போகிறார், அவ்வளவுதான். "இதில் அழ என்ன இருக்கிறது?" என்றேன். எனக்கும் அழுகை முட்டுகிறது என்று நினைத்து ஒரு கைக்குட்டையை நீட்டினாள்.

இந்த வருடம் எங்கள் கடை விளம்பரத்தில் நானும் இருந்தேன். சிவப்பு ஏப்ரன் கட்டி, பரிசுப் பெட்டிக்கு ரிப்பன் கட்டி, ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி பேசினேன்: "உள்ளே வாருங்கள், இங்கே கதகதப்பாக இருக்கிறது." அன்றே ராயபுரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போனில் சொன்னேன். அவர் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு வாரம் கழித்து மேனேஜர் காலின் ஒரு காகிதத்தோடு வந்தான். குரலை மட்டும் வேறொரு பெண் பேசுவாளாம், தெளிவுக்காக. மறுநாள் பன்னிரண்டு மணிக்குள் கையெழுத்து வேண்டுமாம்.

"என் குரலுக்கு என்ன?"

"முகம் அப்படியே இருக்கும், கவலைப்படாதே."

முகத்தைப் பற்றி யார் கேட்டது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அந்தப் பதிலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, திருவொற்றியூர் துணிக்கடை அண்ணாச்சி லோக்கல் சேனலுக்குத் தீபாவளி விளம்பரம் எடுத்தார். வாடிக்கையாளராக நடித்தவர் அப்பா. "தீவாளி வந்துச்சு, வா நைனா, துணி எட்துகினு போலாம்" என்று அவர் சொன்னதும் கடையே கைதட்டியது. டிவியில் வந்தபோது தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. அப்பாவின் வாய் அசைந்தது. வெளியே வந்ததோ செய்தி வாசிப்பவர் போன்ற குரல்: "தீபாவளித் திருநாளில் அனைவரும் வருக." வாய் மூடிய பிறகும் குரல் பேசிக்கொண்டிருந்தது. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போனார். "என் வாயி இன்னா கலீஜா கீதா அண்ணாச்சி?"

"மொகம் உம்மதுதானவே. பொறவு என்ன?"

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கடை கொடுத்த சட்டையை அவர் போடவே இல்லை. பொங்கலுக்கும் அதே படத்தை ஓட்டினார்கள், பண்டிகைப் பெயரை மட்டும் மாற்றி. லாரியில் அவர் போகும்போது பிள்ளைகள் சத்தமில்லாமல் வாயை அசைத்துக் காட்டும். பட்டாசு, இனிப்பு, எண்ணெய் என்று எத்தனையோ பண்டிகை விளம்பரம் பார்த்தேன். மெட்டு நல்லாயிருந்தால் மனதில் நிற்கும் என்பார்கள். எனக்கு நிற்பது மெட்டே இல்லாத அந்த ஒன்றுதான்.

காலின் கெடு வைத்த மறுநாள், பதினொன்றே முக்காலுக்கு அப்பா போனில் கூப்பிட்டார். "எப்பம்மா போடுவான்? அல்லாரும் கேட்டுகினே கீறாங்க."

"சீக்கிரம் நைனா" என்று பொய் சொன்னேன். காகிதம் ஏப்ரன் பைக்குள் கசங்கிக் கிடந்தது. எனக்கு வாரத்துக்கு எத்தனை நாள் வேலை என்பது காலின் கையில். காகிதத்தை எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். "என் குரல் வேண்டாமென்றால் முகமும் வேண்டாம்" என்றேன்.

"நீ அதில் அழகாகத்தான் இருக்கிறாய்" என்றான் காலின். அவனுக்குக் கடைசிவரை புரியவில்லை.

விளம்பரம் வந்தது. முகம் வேறொரு பெண்ணுடையது. ரிப்பன் கட்டும் கைகளை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். வலது மணிக்கட்டில் என் தழும்பு தெரிந்தது. அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, இடைவேளையில் கடைக்குப் பின்னால் குளிரில் நின்று கூப்பிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன். தெருவுக்கு முன்னால் அவரை மறுபடியும் தலைகுனிய வைத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

"கை உன்னுது" என்றார்.

"ஆமா நைனா."

"வாயி?"

"என்கிட்டதான் கீது."

"அப்ப அந்த வரிய நீயே சொல்லு. ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன், அல்லாரும் இங்கதான் கீறாங்க."

செருமிக்கொண்டு சொன்னேன்: "உள்ள வா நைனா, இங்க சூடா கீது."

போனுக்குள் கைதட்டல் கேட்டது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஓய்வறை டிவியில் என் கைகள் யாருக்கோ ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தன. என் குரல் ராயபுரத்தில் இருந்தது.