ஆர் மாப்பிள்ளை?

ஊசி குத்தும்போதுதான் டெனிஷா அதிகம் கதைப்பார். "இறுக்கிப் பிடிக்காதீங்கோ, கையைத் தளர விடுங்கோ" என்றபடியே, முதல்நாள் யார்மீது கோபம் என்று தொடங்கிவிடுவார். குரல் ஏறும், கை மட்டும் ஆடாது. ஓர் ஆய்வுகூடத்துக்காக வீடுவீடாகப் போய் இரத்தம் எடுப்பவர். கொழும்பில், விடியக் கொட்டாஞ்சேனையில் தொடங்கி, ஒன்பது மணிக்குள் வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்துவிடுவார்.

வயது நாற்பத்திரண்டு. கத்தோலிக்கக் குடும்பம். ஆறு வருடங்களுக்கு முன் இஸ்லாத்துக்கு மாறினார். அன்றிலிருந்து எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "ஆர் மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை இல்லை. தெமட்டகொடையில் பௌஸியா என்றொரு நோயாளி. கிழமைதோறும் போகும்போது, அவர் தொழுது முடிக்கும்வரை டெனிஷா மூலையில் காத்திருப்பார். ஒருநாள் தானாகவே குர்ஆனின் தமிழ் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்கினார். இரண்டு வருடம் பஸ்ஸில் வாசித்தார். பிறகுதான் மாறினார்.

"வாசிச்சு முடிவெடுக்க எனக்கு மூளை இல்லையாம். ஒரு ஆம்பிளைதான் மாத்தியிருக்க வேணுமாம்."

பள்ளிவாசல் பக்கத்திலும் சிலரை அவருக்குப் பிடிக்காது. பெயரை மாற்றச் சொன்னார்கள். மனைவியை இழந்த ஒருவரைக் கட்டச் சொன்னார்கள். "பேர் அம்மா வச்சது, அதில ஒரு பிழையும் இல்ல. நான் அல்லாஹ்வைத் தேடி வந்தனான், கலியாணம் தேடி வரேல்ல."

போன ஓகஸ்டில் தாய் இறந்தார். அண்ணன் றேமண்ட் வாசலில் மறித்தார். "முக்காட்டைக் கழட்டிப்போட்டு உள்ள வா." டெனிஷா கழற்றவில்லை. தெருவில் நின்றே பெட்டி போவதைப் பார்த்தார்.

போன கிழமை அவருடைய பட்டியலில் றேமண்டின் பெயர் இருந்தது. சீனி வருத்தம்; இரத்தத்தில் சீனி அளவு பார்க்க வேண்டும். வேறு ஆளை அனுப்பியிருக்கலாமே என்றேன். "நான் ஏன் ஒளிக்க வேணும்? என்ன களவெடுத்தனானா?"

றேமண்ட் கதவைத் திறந்து, "வேற ஆள் இல்லையா?" என்றார்.

"இல்ல. கையை நீட்டுங்கோ, அண்ணா."

இரண்டாவது குழாய் நிரம்பும்போது றேமண்ட் மெதுவாகச் சொன்னார்: "அம்மா கடைசி மூண்டு நாளும் உன்னைத்தான் கேட்டவ."

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?"

"நீதானே எங்களை விட்டுப் போனனீ."

டெனிஷா ஊசியை எடுத்தார். பஞ்சை வைத்து அழுத்தினார். குழாய்களில் பெயரை ஒட்டினார். பிறகு ஒரு கதிரையைச் சுவரோரம் இழுத்துப்போட்டு ஏறி, தாயின் படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். பிளாஸ்டிக் மாலையை உருவி அண்ணனின் மடியில் போட்டுவிட்டு, படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.