விக்டோரியா அக்காவின் அறுபத்து மூன்று வாசகிகள்

விக்டோரியா அக்காவின் காதல் நாவல் நாசமாய்ப் போனதற்கு நான்தான் காரணம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் லேபில் அக்காவுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேஜை. அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவளுடைய அப்பா அம்மா பொன்னேரி பக்கம் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். இவள் பி.எஸ்சி. படித்துவிட்டுப் பதினாறு வருஷமாகச் சாம்பிள் சோதிக்கிறாள். பொன்னேரியிலிருந்து ரயிலில் வரும்போதும் போகும்போதும், லேடீஸ் பெட்டியில் நின்றபடியே போனில் கட்டைவிரலால் ஒரு முழு நாவலை எழுதினாள். அதற்கு மூன்று வருஷம் பிடித்தது.

ஸ்டீல் கம்பெனியில் கிரேன் ஓட்டுகிறவனுக்கும், எடைமேடையில் பில் போடுகிறவளுக்கும் காதல். போனில் படிக்கிற புத்தகம் விற்கும் இணையக் கடையில் ஓடுகிற காதல் கதைகளிலோ கதாநாயகன் பத்துக் கம்பெனிக்கு முதலாளி. முறைப்பான், கத்துவான், கடைசியில் உருகுவான். கிரேன்காரனை யார் சீந்துவார்கள், அவனை முதலாளியாக்கு என்றேன். அக்கா முடியாது என்றுவிட்டாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தன்னைத் தெரியாத யாராவது ஒருத்தர் கதையைக் கடைசி வரை படிக்க வேண்டும்.

புத்தகத்தை அந்தக் கடையில் போட்டு, முதல் ஐந்து நாள் இலவசமாகக் கொடுத்து, இறக்குகிறவர்கள் எண்ணிக்கை ஏறினால் கடையே புத்தகத்தை ஊருக்கெல்லாம் எடுத்துக்காட்டும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த மேதாவித்தனத்தில்தான் யோசனை சொன்னேன்.

“உங்க சர்ச்ல பொம்பளைங்க எத்தினி பேரு போன் வச்சிக்கினு இருக்காங்க? எல்லாரையும் டவுன்லோடு பண்ணச் சொல்லுக்கா.”

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், பெண்கள் ஐக்கியத் தலைவி ரோசம்மாள் ஒருவரையும் வீட்டுக்கு விடவில்லை. அக்கா ஒவ்வொரு போனாக வாங்கித் தானே இறக்கிக் கொடுத்தாள். மொத்தம் அறுபத்து மூன்று போன். சாயந்திரமே காதல் வரிசையில் நாலாவது இடம். நான் முதல் ஆளாக ஐந்து நட்சத்திரம் போட்டு, ‘மனதை உருக்கிய காதல் காவியம்’ என்று எழுதினேன். மறுநாள் லேபில் எல்லாருக்கும் லட்டு.

புதன்கிழமை பேஜாரு ஆரம்பித்தது. அந்த அறுபத்து மூன்று பேரும் அதுவரை அந்தக் கடையிலிருந்து ஜெபப் புத்தகங்களைத் தவிர வேறெதையும் இறக்கியதில்லை. ஜெபப் புத்தகம் படிக்கிறவர்களுக்கு இதுவும் பிடிக்கும் என்று கடையின் கணினி முடிவு கட்டிவிட்டது. தமிழில் இருக்கிற விடியற்கால ஜெபம், உபவாசக் குறிப்பு எல்லாவற்றுக்கும் கீழே எங்கள் கிரேன்காரனைக் கொண்டுபோய் நிறுத்தியது. நாகர்கோவில் முதல் வேலூர் வரை விசுவாசமுள்ள பெண்கள் நம்பி இறக்கினார்கள். ஐந்தாம் அத்தியாயத்தில் ஒரு முத்தம் வருகிறது. அங்கே தொடங்கி ஒற்றை நட்சத்திரமாகக் கொட்டியது. மனந்திரும்புங்கள் சகோதரி என்று நாலு பேர் எழுதியிருந்தார்கள். காதல் கதை தேடி வந்தவர்களோ அந்த நட்சத்திரங்களையும் பக்கத்தில் இருந்த உபவாசக் குறிப்புகளையும் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. இது காதல் கதைதான் என்று புரியட்டும் என்று, கட்டிப்பிடித்த ஜோடியை அட்டையில் போட்டோம். திட்டு இரண்டு மடங்கானது. பிரிவை மாற்றினோம், முன்னுரையை மாற்றினோம். கடைக்கு எழுதினால், எங்களோடு இருப்பதற்கு நன்றி என்று பதில் வருகிறது. அதைப் படித்த ஆத்திரத்தில் நான் ஒரு கண்ணாடிப் பிப்பெட்டை உடைத்தேன். நடந்ததைக் கேட்ட ரோசம்மாள், புத்தகத்துக்காக எல்லாரும் ஜெபிப்பதாகச் சொல்லி அனுப்பினாள். ஒருத்திகூடத் திறந்து பார்த்தேன் என்று சொல்லவில்லை.

போன வெள்ளிக்கிழமை அக்கா முகம் செத்துப்போய் வந்தாள். புத்தகத்தை மொத்தமாக நீக்கிவிட்டு, வேறு தலைப்பில், வேறு பெயரில் முதலிலிருந்து போடலாம் என்றேன். பழைய நட்சத்திரங்கள் எல்லாம் அதோடு தொலையும். என் ஐந்து நட்சத்திரத்தை அப்படியே மறுபடி எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். அக்கா நீக்குகிற பக்கம் வரைக்கும் போய்விட்டு, விரலை எடுத்தாள். அன்று காலை வந்திருந்த ஒற்றை நட்சத்திர விமர்சனம் ஒன்றை என்னிடம் நீட்டினாள்.

‘ஜெபப் புத்தகம் என்று எண்ணி ஏமாந்தேன். கிரேன் ஓட்டும் தம்பி கையில் அடிபட்டதை அவளிடம் மறைத்தது பெரிய தவறு. முப்பத்தோராம் அத்தியாயத்தில் அவள் பேசாமல் இருந்தது சரி. ஆனால் கடைசியில் இவ்வளவு சீக்கிரம் மன்னித்திருக்கக் கூடாது, இன்னும் இரண்டு நாள் அழ விட்டிருக்க வேண்டும். பிள்ளைகள் படிக்கத் தகாத புத்தகம்.’

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“இந்தம்மா ஒருத்தங்கதான் கடைசி வரிக்கும் படிச்சிருக்காங்க. அழிச்சா இதுவும் பூடும்,” என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். “நீ படிச்சியா நர்மதா?”

“படிச்சேன்க்கா.”

“கிரேன் ஓட்றவன் பேரு இன்னா?”

எனக்குத் தெரியவில்லை. அக்கா போனைப் பையில் வைத்துவிட்டு, அன்றைக்கு வந்த சாம்பிள்களை எடுத்துவரக் கிளம்பினாள்.