தறியை உதைத்த படம்

திருப்பதிக்குப் பக்கத்தில் நகரி என்ற ஊரில் விசைத்தறி ஓட்டுகிறேன். தினமும் தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் சுவிட்சைப் போடுவேன். எனக்குப் பிடித்த டைரக்டர் ஒருவர் உண்டு. அவர் படம் வந்தால் முதல் நாளே மனைவியோடு திருப்பதி தியேட்டருக்குப் போய்விடுவேன்.

போன படத்தில் கதாநாயகன் கோபம் வந்து, ஓடுகிற தறியை ஷூ காலால் ஒரே உதையில் சாய்த்தான். தியேட்டர் முழுக்க விசில். நான் மட்டும் ஊதவில்லை.

"இன்னாய்யா, விசில காணோம்?" என்றாள் மனைவி.

"தறிய ஒதைக்கிறான்டி."

"முன்ன ஒரு படத்துல காய்கறி வண்டிய ஒதைச்சான். அப்ப வாய்ல வெரல வச்சிக்கினு ஊதுனியே?"

அவள் சொன்னது சரி. அந்த டைரக்டருக்கு வண்டியும் தறியும் உடைக்கிற சாமான். அதை வைத்துப் பிழைக்கிறவன் அவர் கண்ணில் படுவதில்லை. சண்டை நன்றாகத்தான் எடுத்திருந்தார். எனக்கு ருசிக்கவில்லை.

இப்போது அவருடைய புதுப் படம் ஓடுகிறது. நான் போகவில்லை.