சயானில் இறங்குகிறவர்களுக்கான கசாயம்

2022 ஆகஸ்டில், மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் பம்பாயைவிட்டுக் கிளம்பினேன். விமான நிலைய வாசலில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். பேராச்சி அத்தை அழவில்லை. சுக்குமல்லிப் பொட்டலம் ஒன்றையும் அந்த மாதத்துக் ‘கசாயம்’ இதழையும் என் பையில் திணித்தாள்.

“போற ஊர்ல வயித்துக்கு ஒத்துக்கலன்னா சுக்கப் போட்டுக் குடி. அதுக்கும் கேக்கலன்னா டாக்டரப் பாரு. புத்தகத்தப் பாத்துக்கிட்டு இருக்காத.”

தான் நடத்தும் பத்திரிகையைப் பற்றி இப்படிச் சொல்கிற ஆசிரியரை நான் அதன்பின் சுற்றிய எந்த ஊரிலும் பார்க்கவில்லை.

பேராச்சி அத்தைக்குத் தாராவியில் வீடு, மாட்டுங்காவில் வேலை. செல்லப்பாண்டி அண்ணாச்சியின் நாட்டு மருந்துக் கடையில் சரக்கு நிறுத்துக் கட்டிக்கொடுப்பாள். வாங்குகிறவர்கள் எல்லோரும் “இத எப்படிச் சாப்பிடணும்?” என்று கேட்க, துண்டுச் சீட்டில் எழுதிப் பொட்டலத்துக்குள் வைத்துத் தந்தாள். அந்தச் சீட்டுகள் தாராவியில் வீடு வீடாகப் போய், ஒருவர் பார்த்து இன்னொருவர் எழுதியதில் கால் ஸ்பூன் நாலு ஸ்பூன் ஆனது. பயந்துபோய், கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் ஒரு தாளாக அச்சடித்தாள். தாள் வளர்ந்து மாத இதழ் ஆயிற்று. பெயர் ‘கசாயம்’.

“பேரே கசாயம்னு வச்சா எவன் வாங்குவான்?” என்றாராம் அண்ணாச்சி.

“குடிக்கிறவன் வாங்குவான். ஒங்களுக்கு எதுக்கு அந்தக் கவல?”

எந்த மருந்தையும் முதலில் தான் சாப்பிட்டுப் பார்ப்பாள். பிறகு செம்பூரில் இருக்கும் சித்த மருத்துவர் ஒருவரிடம் காட்டித் திருத்துவாள். அதற்குப் பிறகுதான் அச்சு. சர்க்கரைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச்சாறு குடிக்கலாமா என்று டிராம்பேயிலிருந்து ஒருவர் கேட்டதற்கு, “மாத்திரையை நிறுத்தினால் என் பத்திரிகையையும் நிறுத்திவிடுங்கள்” என்று இதழிலேயே பதில் போட்டாள்.

இந்தப் பத்திரிகையின் பெரிய வாசகக் கூட்டம் இருந்தது ரயிலில். என் அம்மா பானுமதிக்குக் கோட்டைப் பகுதியில் ஆபீஸ், ரயிலில் ஒன்றேகால் மணி நேரம் தள்ளி டோம்பிவிலியில் வீடு. சாயங்காலம் வண்டி கிளம்பும் வி.டி. ஸ்டேஷனில், எல்லா ஊரிலும் நிற்கும் ஸ்லோ லோக்கலின் பெண்கள் பெட்டியில் ஏறினால், அது எங்கள் ஊர்க்காரப் பெண்களின் பெட்டி. தமிழ் பேசுவார்கள், சண்டை போடுவார்கள். ஆனால் அம்மாவைத் தவிர அநேகமாக யாருக்கும் தமிழ் படிக்க வராது. ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ படித்த தலைமுறை. அதனால் பெட்டிக்கு ஒரே ஒரு கசாயம். பைகுல்லா தாண்டியதும் அம்மா சத்தமாக வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள்.

என்னை வழியனுப்பிய அன்று சாயங்காலமும் அம்மா வாசித்தாள். என் பையில் இருந்த அதே இதழ். வயிற்று உப்புசத்துக்குக் கருஞ்சீரகக் கசாயம்.

அந்தப் பெட்டியில் ஷாலினி என்ற பெண் வருவாள். மஸ்ஜித்தில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை, சயானில் இறங்கித் தாராவிக்குப் போவாள். சாமான்கள் என்ன, எவ்வளவு, எப்படிக் கொதிக்க வைப்பது என்பது வரை கேட்டாள். தாதர் வந்தது. சயானில் இறங்க வேண்டுமானால் தாதரிலேயே எழுந்து வாசலுக்கு நகர்ந்துவிட வேண்டும். நகர்ந்தாள். அந்தப் பக்கத்தின் கடைசி வரியை அம்மா வாசித்தபோது ஷாலினி தாராவியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். கடைசி வரி: கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது.

ஷாலினி உண்டாகியிருந்தாள். மூன்று மாதம் முடியும் முன் வெளியே சொல்லக் கூடாது என்று மாமியார் வாயைக் கட்டியிருந்தாள். அதனால் பெட்டியில் ஒருவருக்கும் தெரியாது.

சில நாள் கழித்து, “பானுக்கா, அந்தக் கசாயம் ஜபர்தஸ்த். வயிறு லேசாயிருச்சு” என்று சொல்லிக்கொண்டே ஷாலினி ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். காதோடு கேட்டாள். ஷாலினி காதோடு பதில் சொன்னாள். அன்று அம்மா டோம்பிவிலிக்குப் போகவில்லை. சயானில் அவளோடு இறங்கி, நேராக டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்றார். அதற்கப்புறம் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

அம்மா விஷயத்தைப் பேராச்சி அத்தையிடம் சொன்னபோது அத்தை அச்சகத்துக்குப் போன் போட்டாள். அடுத்த இதழ் கிடையாது. இனி எப்போதும் கிடையாது.

“கடேசி வரில தெளிவா எழுதியிருக்கல்லா? ஒன் தப்பு என்ன இருக்கு இதுல?” என்றார் அண்ணாச்சி.

“எழுதுனா போதுமா அண்ணாச்சி? அவகிட்டப் போய்ச் சேரலையே. இன்னொருத்தி வயித்துல ஏதாவது ஆயிருந்தா, எழுதியிருக்கேன்னு காட்டவா முடியும்?”

செப்டம்பரில் கசாயம் வரவில்லை. ரயிலில் சீரியல் கதை பேசினார்கள். இரண்டு நாளில் அது சலித்துவிட்டது. அம்மா கடைக்குப் போய்க் கெஞ்சிப் பார்த்தாள். அத்தை பெருங்காயத்தை நிறுத்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள்.

அக்டோபரில் தசரா வந்தது. தசராவுக்கு முந்தின நாள் லோக்கல் பெட்டிக்குத் தோரணம் கட்டிப் பூஜை போடுவது இங்கே தினசரிப் பயணிகளின் வழக்கம். அந்த வருடம் எங்கள் பெட்டிப் பெண்கள் ஒரு பொன்னாடையும் வாங்கினார்கள். “வி.டி.ல ஒரு மொத்த வியாபாரி சல்லிசா அதிமதுரம் தர்றான்” என்று பொய் சொல்லி அம்மா அத்தையை வரவழைத்தாள்.

வீட்டிலிருந்து கடைக்கு நடந்தே போகிறவள் பேராச்சி அத்தை. சாயங்கால லோக்கலில் அவள் ஏறியதே இல்லை. சாமந்தி மாலை தொங்கும் பெட்டிக்குள் அவளைத் தூக்காத குறையாக ஏற்றி, ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தார்கள். பொன்னாடையைப் போர்த்தியது ஷாலினி.

“அரைகுறையா மருந்து சொன்னவளுக்கு எதுக்கு தாயி இதெல்லாம்?”

“அத்தே, நீங்க முழுசாத்தான் சொன்னீங்க. நான்தான் சயான்ல இறங்கிட்டேன். முழு மருந்தும் வேணும்னா டோம்பிவிலிக்கு வீடு மாத்தணும் போல.”

பெட்டி முழுக்கச் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. ஷாலினியின் வயிற்றைப் பார்த்தாள். “சாப்பிடுதியா நல்லா?” என்று மட்டும் கேட்டாள்.

புதிய இதழ் இல்லாததால் அம்மா பழைய இதழ் ஒன்றை எடுத்து வாசித்தாள். தன் எழுத்தை இன்னொருவர் குரலில் அத்தை கேட்டது அன்றுதான். முதலில் கூச்சப்பட்டாள், பிறகு தானும் காதைக் கொடுத்தாள். தாதரில் கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. சயான் பெண்கள் எழுந்து வாசலுக்கு நகர்ந்தார்கள். கழுத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

“பானுக்கா, சத்தமா!” என்று வாசலிலிருந்து ஷாலினி கத்தினாள். சயான் வந்தது. இறங்கிவிட்டாள். அத்தையும் அங்கேதான் இறங்க வேண்டும். எழுந்திருக்கவே இல்லை.

குர்லாவில் செம்பூர் பெண்கள் வண்டி மாற இறங்கினார்கள். முலுண்டில் இன்னொரு கூட்டம். அதையும் தாண்டிய பிறகு அம்மா எச்சரிக்கை வரியை வாசித்தபோது மிச்சம் இருந்தவர்கள் டோம்பிவிலிக்காரிகள். அதில் பாதிப் பேர் தூக்கம்.

அத்தை பொன்னாடையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“ஏ பானு, பேனா இருக்கா?”

டோம்பிவிலியில் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, அம்மா போட்ட காப்பியை ஆறவிட்டு, பத்திரிகையைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டாள் அத்தை. யார் யார் குடிக்கக் கூடாது என்பது முதல் பக்கம். எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்பது அடுத்தது. பிறகுதான் சாமான்கள், செய்முறை. வாசகர் கடிதமும் கிண்டலும் கடைசியில். பக்கங்களின் தலையில், எந்த ஸ்டேஷன் வருவதற்குள் அதை வாசித்து முடிக்க வேண்டுமோ அந்த ஸ்டேஷன் பெயர்: சயான், குர்லா, முலுண்ட், டோம்பிவிலி. தீபாவளிக்குக் கசாயம் மறுபடி வந்தது.

சயான் பெண்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“எங்களுக்குப் பூரா ‘கூடாது, கூடாது’. டோம்பிவிலிக்காரிக்கு மட்டும் மருந்தா? இது நியாயமா அத்தே?”

“மருந்து வேணும்னா கடைக்கு வாங்கட்டி, நானே சொல்லுதேன். இல்லன்னா முலுண்டு வரைக்கும் போய்ட்டுத் திரும்புங்க.”

திரும்பினார்கள். மாதத்தில் ஒருநாள், புது இதழ் வருகிற அன்று, சயானில் இறங்க வேண்டியவர்கள் முலுண்ட் வரை போய் எதிர் வண்டியில் வந்தார்கள். வீட்டில் கேட்டால் “தண்டவாள வேலை, மெகா பிளாக்” என்று ரயில்வே மேல் பழி போட்டார்கள்.

ஷாலினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவ விடுப்பில் பழைய கசாயங்களை வைத்துக்கொண்டு அவள் தமிழ் எழுத்து படித்தாள். தானாகப் படித்த முதல் சொல் ‘கூடாது’ என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மூன்று ஆண்டுகள் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த பிறகு, அம்மா, அத்தை, ஷாலினி மூவரையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன். பேராச்சி அத்தை இன்னும் பெருங்காயம் நிறுக்கிறாள், இன்னும் தானே முதலில் குடித்துப் பார்க்கிறாள். அந்தப் பொன்னாடை கடையில் தராசுக்கு உறையாக இருக்கிறது.

போன மாதம் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ரயிலில் இனி யார் வாசிப்பார்கள் என்று அத்தையும் அவளும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். இதற்கிடையில் ஷாலினி குடும்பம் நிஜமாகவே டோம்பிவிலிக்கு வீடு மாறியிருந்தது. நேற்று சாயங்காலம் அம்மாவின் போனுக்கும் அத்தையின் போனுக்கும் ஷாலினியிடமிருந்து ஒரே செய்தி வந்தது. எப்போதும் இங்கிலீஷ் எழுத்தில் அனுப்புகிறவள், இதைத் தமிழ் எழுத்தில் அனுப்பியிருந்தாள்:

“பானுக்கா, பேராச்சி அத்தே, இன்னைக்கு நான் வாசிச்சேன். கூடாது எல்லாத்தையும் தாதருக்கு முன்னாடியே சொல்லி முடிச்சிட்டேன். மருந்த டோம்பிவிலி வரைக்கும் இழுத்தேன். ஒருத்தியும் தூங்கல.”