பலாலிக்கு ஒரு மணித்தியாலம்தானே!

கொழும்பு இரத்மலானையில் பிளேன் ஏறினால் யாழ்ப்பாணம் பலாலியில் இறங்க ஒரு மணித்தியாலம். நேர்கோட்டில் முந்நூறு கிலோமீற்றர் சொச்சம். எனக்குக் கூகிள் சொன்னது. அதை நான் வெள்ளவத்தை முழுவதும் சொல்லித் திரிந்தேன் பாருங்கள்... அங்கேதான் பிடித்தது சனி!

போன வாரம் யாழ்ப்பாணத்தில் அக்கா மகனுக்குக் கலியாணம். மணமகளுக்குக் கூறைச்சேலை எடுத்தது கொழும்பில், காலி வீதியில். முகூர்த்தத்துக்கு முதல்நாள் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தாய்மாமனான என் பொறுப்பு.

மனைவிக்கு அன்று பின்னேரம்வரை வேலை. இரவு பஸ்ஸில் வருவதாக ஏற்பாடு.

"கூறையை நான் மடியில வச்சுக் கொண்டு வாறன்" என்றாள்.

"விசரே உமக்கு? கலியாணக் கூறை பஸ்ஸில இடிபட்டு வாறதோ? பிளேன்ல ஒரு மணித்தியாலம்தானே!"

இந்தத் 'தானே'யை எங்கள் மாடிக் குடியிருப்பும் பிடித்துக்கொண்டது. பஸ்ஸில் போனால் யாரும் ஒன்றும் தரமாட்டார்கள் — பாவம், அலைச்சலாம். பிளேன் என்றால் மட்டும் நான் தபால்காரனா?

"சின்னப் பார்சல் ஒண்டு, அண்ணை. ஒரு மணித்தியாலம்தானே!"

மேல்மாடி அன்ரி, யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகனுக்கு மாசிக் கருவாடு தந்தார். எல்லாரும் தந்தது புடவைக்கடைப் பைகளில். சேலையை எறிந்தாலும் அந்தப் பையை எறிய நம்மவர்களுக்கு மனம் வருமா? அத்தனையும் ஒரே நிறம், ஒரே கடை!

விமான நிலையத்தில் பெட்டியோடு என்னையும் தராசில் ஏற்றினார்கள். சின்னப் பிளேனாம்.

"அங்கிள், வெயிட் கூட" என்றாள் கவுண்டரில் இருந்த பிள்ளை.

வயிற்றைக் கழற்றி வைக்க முடியுமா? பின்னால் வரிசை முணுமுணுத்தது. பார்சல்களை அள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். என்னைக் கொண்டுவந்த த்ரீவீல் நல்லகாலம் இன்னும் நின்றது. "மல்லி, மே டிக்க கெதரட்ட தென்ன" என்று சிங்களத்தில் சொல்லி எல்லாவற்றையும் வீட்டுக்கே திருப்பி அனுப்பினேன். கூறைப் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பறந்தேன்.

ஒரு மணித்தியாலம்தான். பொய்யில்லை.

கலியாணவீட்டில் அக்கா பையைச் சுவாமியறையில் வைத்து, பெண்கள் சூழ நின்று பிரித்தார். பொலித்தீன். அதற்குள் பேப்பர். அதற்குள்... மாசிக் கருவாடு! மச்சம் மாமிசம் படாத கலியாணவீட்டில்!

"டேய், கூறை எங்கையடா?"

அக்கா அழுதேவிட்டார். விடிந்தால் தாலி. கூறை இல்லாமல் அந்தப் பிள்ளை எதை உடுத்து மணவறையில் இருப்பாள்?

வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருந்த மனைவிக்குப் போன் எடுத்தேன்.

"ஓம், இஞ்சதான் கிடக்கு. கொண்டுவாறன்" என்று வைத்துவிட்டாள். இரண்டு ஏச்சு ஏசியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எனக்கு வருகிற எரிச்சலை யாரிடம் காட்டுவது? பறக்கும் நேரத்தை மட்டும் பெரிதாகச் சொல்லுகிறார்கள். அக்கம்பக்கத்துப் பார்சல்களையும், தராசையும், பின்னால் முணுமுணுக்கும் வரிசையையும், என்னுடைய அவசரப் புத்தியையும் அந்தக் கணக்கில் யாராவது சேர்க்கிறார்களா? அன்றிரவு நான் கண்மூடவில்லை. வழியில் பஸ் நின்றுவிட்டால்... ரயர் போய்விட்டால்... அக்கா என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

விடியற்காலையில் மனைவி வந்து சேர்ந்தாள். கூறையில் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அக்காவின் கையில் கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனப்பா இப்பிடிக் களைச்சுப்போய் நிக்கிறியள்? நீங்கள் வந்தது ஒரு மணித்தியாலம்தானே!"