கத்தரி எழுதிய யோசனை

பதிப்பகத்தில் எல்லோரும் அவரைக் கத்தரி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே அல்ல. அவருக்கு அது தெரியும் என்பது வேறு விஷயம். புதிதாக எழுதுகிறவர்கள் அனுப்பும் நாவல்களை முதலில் படிப்பவர் அவர். இருபத்திரண்டு வருஷமாக அதே ஜன்னலோர மேசை, அதே சிவப்புப் பேனா. வேண்டாம் என்று திருப்பி அனுப்பும் ஒவ்வொரு கட்டோடும் தன் கைப்பட ஒரு பக்கம் யோசனை எழுதி வைப்பார். அப்படி எழுதச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

யோசனையும் பெரும்பாலும் அரைத்த மாவுதான். முதல் அத்தியாயத்தைத் தூக்கிப் போடுங்கள், கதை இரண்டாவதில்தான் ஆரம்பிக்கிறது. எழுதி முடித்ததும் மூன்று மாதம் கண்ணில் படாமல் வையுங்கள். அப்புறம் வாய்விட்டுப் படியுங்கள், நாக்கு தடுக்குகிற இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய பக்கங்களைக் கிழித்துவிடுங்கள், இருந்தால் திரும்ப ஒட்டச் சொல்லும். ஐந்து பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்று எழுதாதீர்கள். நாங்கள் ஐந்து பேரும் ஒரே கடையில்தான் டீ குடிக்கிறோம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. தபால் பிரிக்கிற அம்மா, எழுதியவர் பெயர் இருக்கும் முதல் தாளை எடுத்துத் தன் இழுப்பறையில் பூட்டிவிடுவார். கட்டின் மேல் ஓர் எண் மட்டும் இருக்கும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வரக்கூடாது என்று முதலாளி செய்த ஏற்பாடு அது. பெயர் தெரியாமல் படிப்பதில் கத்தரிக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவர் மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகிறது. அன்று மருத்துவமனையிலிருந்து வந்தவர் அழவில்லை. போட்டிருந்த சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார். நாலாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். அழுகை இதோ வரும், அதோ வரும் என்று அவரும் காத்திருந்துதான் பார்த்தார். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்தது மரத்தபடியே இருந்தது. ஒரே மகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆறு மாதத்தில் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள்.

ஞாயிறுதோறும் அவளிடமிருந்து போன் வரும்.

“சாப்டீங்களாப்பா?”

“சாப்டேன். நீ?”

“ம்.”

அவ்வளவுதான் பேச்சு. ஆனாலும் வாரம் முழுக்க அவர் எதிர்பார்த்துக் கிடந்தது அந்த ஒரு போனுக்குத்தான். அதுவும் நின்றால் தனக்கென்று யாருமில்லை என்பது அந்த மரத்துப்போன மனசுக்கும் தெரிந்திருந்தது.

போன வருஷம் இருநூற்றுப் பதினான்காம் எண் கட்டு மேசைக்கு வந்தது. ஒரு பெண்ணின் அம்மா நோயில் கிடந்து சாகிற கதை. அப்பா கடிகாரம் பழுதுபார்ப்பவர். மனைவி இறந்த அன்றும் கடையைத் திறந்து, யாருடைய கடிகாரத்தையோ பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்கிறார். கத்தரி இரண்டு நாளில் படித்து முடித்து, மளமளவென்று எழுதினார்.

‘அம்மா நன்றாக வந்திருக்கிறார். அப்பாதான் ஒட்டவில்லை. பெண்டாட்டி செத்த அன்று கடிகாரம் பார்க்கிறவரை எந்த வாசகரும் நம்ப மாட்டார். இப்படி ஒரு மனிதர் இருக்க முடியாது. அவரை அழவையுங்கள். இல்லையென்றால் எடுத்துவிடுங்கள். அவர் இல்லாமலே கதை நிற்கும்.’

அதன் கீழே வழக்கமான யோசனைகளையும் எழுதிவிட்டுப் போய் டீ கிளாஸைக் கழுவி வைத்தார்.

இந்த ஞாயிறு போன் வரவில்லை, மகளே வந்தாள். வேறொரு பதிப்பகம் போட்ட புத்தகம் ஒன்றை மேசையில் வைத்தாள். அதன் மேல் ஒரு தாளை வைத்தாள். சிவப்பு மை.

“இது உங்க கையெழுத்துதானே?”

“ஆமா. இது எப்படி உன்கிட்ட?”

“இருநூத்திப் பதினாலு நான் அனுப்பினதுப்பா. உங்க கைக்குத்தான் வரும்னு தெரிஞ்சேதான் அனுப்பினேன். படிச்சா என்கிட்ட ஏதாவது பேசுவீங்கன்னு நெனச்சேன்.”

“பேர்த் தாளை எடுத்துடுவாங்கம்மா.”

“பேரைப் பார்த்தாத்தான் தெரியுமா?”

அவர் சிவப்பு மைத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

“அப்பாவை அழவைக்கப் பார்த்தேன். நாலு தடவை எழுதினேன், வரல. அதான் நீங்க சொன்ன ரெண்டாவதைச் செஞ்சுட்டேன்” என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை. சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள்.

அவர் உட்கார்ந்து படித்தார். பழக்க தோஷம், கையில் சிவப்புப் பேனா. கதையில் அம்மாவும் பெண்ணும் மட்டும்தான். மருத்துவமனை வராந்தா பெஞ்சில் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நிஜத்தில் அந்தப் பெஞ்சில் பதினோரு நாள் அவள் பக்கத்தில் இருந்தது இவர்தான். கடைசிப் பக்கம் வரை பேனா ஓரிடத்திலும் இறங்கவில்லை. அப்பா இல்லாத குறை எங்கேயும் தெரியவில்லை. கத்தரி சொன்னது சரிதான், கதை நன்றாகவே நின்றது. இப்போதாவது அழுகை வரும் என்று புத்தகத்தை மூடி வைத்துக் காத்திருந்தார். வரவில்லை.

மறுநாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவரே போன் செய்தார்.

“படிச்சேன்மா. நல்லா இருக்கு.”

“சரிப்பா.”

“அந்த அப்பா வர்ற பக்கமெல்லாம் வெச்சிருக்கியா? இன்னொரு தடவை படிக்கணும்.”

“இல்லப்பா. கிழிச்சுட்டேன். நீங்கதானே அப்படி எழுதியிருந்தீங்க.”

“ஆமா” என்றார்.



“சாப்டீங்களா?” என்றாள்.

“சாப்டேன்” என்றார். முந்தின நாள் மதியத்திலிருந்து அவர் அடுப்பையே பற்றவைக்கவில்லை.