இரண்டு தாளிலும் அவர் கையெழுத்து

என் கணவர் சூதாட்ட மெஷினை விட்டது கோயிலில் செய்த சத்தியத்தால் அல்ல. சத்தியம் மூன்று முறை செய்தார். மூன்றும் ஒரு மாதம் தாங்கவில்லை. அவர் போய்வந்த மெஷின் கூடத்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அடுத்த கூடத்துக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். டென்மார்க் மழையிலும் காற்றிலும் அவருக்கு அலுத்துப்போனது, அவ்வளவுதான். தொழிற்சாலையில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு மெஷினுக்கு முன்னால் குந்தியிருந்த மனிதர், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்து மகளோடு சாப்பிடத் தொடங்கினார். ஆறு வருடம் நான் நிம்மதியாக இருந்தேன்.

அதனால்தான் எங்கள் மாடிக் குடியிருப்புக்குக் கீழே உள்ள கடைத்தொகுதியில் புதிதாக ஒரு கூடம் வரப்போகிறது என்றதும் அதைத் தடுக்க வழி தேடினேன். நல்ல வேளையாக, வீடுகளுக்கு அருகே இப்படிப்பட்ட கூடங்களைத் தடுக்க நகரசபை ஒரு விதி கொண்டுவர யோசித்தது. மக்கள் தங்கள் கருத்தை எழுதலாம் என்றார்கள். நான் எழுதினேன். முதியோர் இல்ல வேலைக்கு என் பேச்சு டேனிஷ் போதும். எழுத்து டேனிஷ் காலை வாரிவிடும். அவர்தான் சமையலறை மேசையில் என் பக்கத்தில் இருந்து வரிவரியாகத் திருத்தினார். மெஷின் கிட்ட இருந்தால் விட்டவரும் திரும்பிப் போவார் என்று நான் எழுதிய வரியில் பேனா கொஞ்ச நேரம் நின்றது.

"இது நல்லா இருக்கு. இப்பிடியே விடும்," என்றார். கீழே தன் கையெழுத்தையும் போட்டுத் தந்தார்.

அன்று அவர்மேல் எனக்கு எவ்வளவு அன்பு வந்தது!

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று அந்தக் கடிதத்துக்கு மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்கினேன். ஒருவரும் மறுக்கவில்லை. "ஓம், ஓம், தாங்கோ" என்று வாசிக்காமலே போட்டார்கள். அதை ஆதரவு என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு வாய் வராது என்பதை மறந்துபோன விசரி நான்.

அதே கடைத்தொகுதியில் தமிழ்க் கடை வைத்திருக்கும் அண்ணையும் ஒரு தாள் வைத்திருந்திருக்கிறார். கூடம் வந்தால் தன் கடைக்கும் ஆட்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு. மரக்கறி வாங்கப் போன எல்லாரிடமும், கூடம் வேண்டும் என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார். நகரசபை எல்லாக் கருத்துகளையும் இணையத்தில் போட்டபோதுதான் பார்த்தேன். என் தாளில் இருந்த அதே பெயர்கள், அதே கிறுக்கல்கள். இரண்டு பக்கமும் ஒரே ஆட்கள் இருப்பதால் அவர்களின் விருப்பம் தெளிவில்லை என்று கீழே ஒரு குறிப்பு. கடைசியில் விதி கைவிடப்பட்டது.

அண்ணையின் தாளில் முதலாவது கையெழுத்து என் கணவருடையது. திகதி, என் கடிதத்தைத் திருத்தித் தந்ததற்கு முதல் நாள்.

"ஏனப்பா இப்பிடிச் செய்தனீங்கள்?"

"கடைக்குள்ள எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. போடாட்டி ஏனெண்டு கேப்பினம். அப்ப நான் என்னத்தைச் சொல்லுறது?"

"எனக்காவது சொல்லியிருக்கலாமே. பக்கத்தில இருந்து திருத்தித் தந்தனீங்களே!"

"உம்மட மனத்தை நோகடிக்க விரும்பேல்லை."

மற்றவர்கள்மேல் எனக்கு இருந்த கோபம் ஆறிவிட்டது. நானும் அவர்களைப் போல எத்தனை தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவரைத்தான் மன்னிக்க முடியவில்லை. ஊர் வாய்க்குப் பயந்தார், அது விளங்குகிறது. ஆனால் கூடம் வேண்டும் என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் கடிதத்தின் பிழைகளைத் திருத்தினாரே, அந்த நடிப்பை என்னால் செரிக்க முடியவில்லை.

கூடம் திறந்து மூன்று கிழமை. நேற்றுச் சாப்பாடு முடிந்ததும் சப்பாத்தை மாட்டினார்.

"பால் வாங்கிக்கொண்டு வாறன்," என்றார்.

மகள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, இரண்டு பெட்டி பால் இருக்கிறது அப்பா என்று டேனிஷில் உரக்கச் சொன்னாள். அவருக்குக் கேட்டது. போய்விட்டார்.